சைரன் அடிக்காத அறை

அத்தியாயம் பதினொன்று

பிறந்த வீட்டிலிருந்து வரும் கெண்டை மீனை எந்தப் பத்தாக் இனப் பெண்ணும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தியுர்மா சொன்னாள்.

“எடுத்துட்டுப் போடா.”

மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தம்பி பொனார் அசையவில்லை. கையில் மூடி போட்ட சட்டி. அதற்குள் மஞ்சளும் இஞ்சிப்பூவும் போட்டு வற்றவைத்த மீன், தலை முதல் வால் வரை முழுசாக. நோயில் விழுந்த மாப்பிள்ளைக்கு மைத்துனன் கொண்டுவர வேண்டிய சீர்.

“அக்கா, இது நான் குடுக்கறது இல்ல. நம்ம வீட்டுச் சீர். திருப்பி அனுப்பினா உறவே அறுந்துச்சுன்னு அர்த்தம், உனக்கே தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொல்றேன். கக்கத்துல இருக்கற ஃபைல் எதுக்கு? மீனத் தின்னுட்டு அதுல கை தொடைக்கவா?”

சுவரோரமாக நின்றிருந்த லம்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவும் மாமாவும் மோதும் இடத்திலெல்லாம் இந்தப் பத்தொன்பது நாளாக அவள் நிற்க வேண்டிய இடம் நடுவில்தான். அப்பாவுக்கு மகள். மாமாவின் கம்பெனியில் நாலு வருஷமாகக் காகித வேலை பார்ப்பவள்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், துறைமுகச் சாலையிலுள்ள மீன் குளிர்பதன ஆலையின் மின்சார அறைக்குள் கேபிள் மாற்றப் போனார் அவளுடைய அப்பா பர்லின். ஆலையின் எலெக்ட்ரீஷியன். அவர் உள்ளே இருக்கும்போதே தீயணைக்கும் வாயு கொட்டிவிட்டது. தீ ஒன்றும் இல்லை. தீயை மூச்சு முட்ட வைத்து அணைப்பதற்காகச் சிலிண்டர்களில் அடைத்து வைத்திருந்த கரியமில வாயு, தீக்குப் பதிலாக ஆளைப் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பியது. அதற்குமேல் எதுவும் தப்பியதா என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. கண் விழித்தால் மனைவியைப் பார்த்து, “நர்ஸம்மா, மணி என்ன?” என்று கேட்கிறார்.

அந்த வாயுக் கருவியைப் பொருத்தியதும் பராமரிப்பதும் பொனாரின் கம்பெனி.

பொனார் ஃபைலைத் திறந்தார். “ஒரு கையெழுத்து. வால்வ மூடாம அத்தான் உள்ள போனாரு, தெரியாம வாயுவத் திறந்து விட்டுட்டாருன்னு. ரெண்டு மணிக்கு லேபர் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா ஆலைக்கு வருது. அதுக்குள்ள வேணும்.”

“இருவத்தாறு வருஷம் கரண்டோட குடித்தனம் பண்ண மனுஷன்டா அவரு. ஒரு ஷாக் வாங்கினது கிடையாது. அவரு தெரியாம செஞ்சாராமா?”

“என்னய நம்பி முப்பது குடும்பம் இருக்கு அக்கா.”

“எனக்கு ஒரு குடும்பம்தான்டா இருந்துச்சு.”

பொனார் ஃபைலை மூடினார். முகத்திலிருந்த தம்பிக் களை மறைந்து முதலாளிக் களை வந்தது.

“சரி, போடாத. ரெண்டு மணிக்கு அந்தம்மா ஆறு மாசத்துக்கு முந்தின டெஸ்ட் ரிப்போர்ட்டக் கேக்கும். சைரன் நல்லா அடிக்குது. சைரன் அடிச்சு முப்பது செகண்ட் கழிச்சுத்தான் வாயு வரும், ஆளு வெளிய வந்துடலாம். வால்வு சுலபமா மூடுது. எல்லாம் சரின்னு எழுதி, கீழ பரிசோதிச்சவங்க கையெழுத்து. யாரோடதுன்னு கேளு.”

தியுர்மா கேட்கவில்லை. தம்பியின் கண் போன திசையில் பார்த்தாள். அங்கே லம்ரியா நின்றிருந்தாள்.

“டெக்னீஷியன் ஊருக்குப் போயிருந்தாரு மாமா. நீங்கதான போடச் சொன்னீங்க?”

“சொன்னேன். கையப் பிடிச்சா எழுத வெச்சேன்? என் கம்பெனிக்குப் பூட்டுன்னா, முதல்ல உள்ள போறது உன் பொண்ணு அக்கா. யோசிச்சுக்கோ.”

தியுர்மா மகளின் அருகில் வந்தாள்.

“அந்த ரூமப் பாத்திருக்கியா நீ?”

“இல்லம்மா.”

“வால்வத் தொட்டிருக்கியா?”

“இல்ல.”

“சைரன் சத்தத்தையாவது கேட்டிருக்கியா?”

லம்ரியா இல்லையென்று தலையாட்டிவிட்டு அடிக்காகக் காத்து நின்றாள். அடி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை.

“அவரு கட்டில் பக்கம் வராத. என்னய நர்ஸுன்னு நெனைக்கறாரு, போகட்டும். உன்னயத் தப்பித்தவறி மகள்னு அடையாளம் கண்டுட்டாருன்னா அவருக்குத்தான் அசிங்கம்.”

அப்படியே திரும்பி, தம்பியின் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கினாள். நடையில் யாருக்காகவோ காத்திருந்த முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் மடியில் வைத்தாள்.

“சாப்பிடுங்கய்யா. இழவு வீட்டு மீன் இல்ல. இன்னும் இல்ல.”

*

இருசக்கர வாடகை வண்டியில் லம்ரியா ஆலை வாசலில் இறங்கியபோது மணி ஒன்று. வெயில் கண்ணைக் குத்தியது. கடல் பக்கத்திலிருந்து மீன் நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்து வந்தன.

எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. தான் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட்ட அறையை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது.

லாரிகள் நிற்கும் முற்றத்தைத் தாண்டி ஒரு நடை. அதன் கோடியில் சாம்பல் நிற இரும்புக் கதவு. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கதவோரமாக ஒரு சிவப்புக் கைப்பிடி. வெளியே சுவரில் கட்டுப்பாட்டுப் பெட்டி. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பெரிய ஸ்பானரால் ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் யஸ்ரில். கம்பெனியின் மூத்த டெக்னீஷியன்.

“இதுதான் அந்த வால்வா?”

யஸ்ரில் நிமிர்ந்து பார்த்தார். “இதேதான். உள்ள ஆளு போறதுக்கு முன்னாடி இத மூடணும். மூடினா சிலிண்டர் வெடிச்சாக்கூட ரூமுக்குள்ள வாயு போகாது. திருகிப் பாரு.”

இரண்டு கையாலும் திருகினாள். மலையைத் திருகுவது போலிருந்தது.

“உப்புக் காத்து. ரெண்டு வருஷமா இப்படித்தான்.”

“சைரன்?”

“சும்மா சும்மா அடிக்குது, அடிச்சா வேல நிக்குது, மீன் கெடுதுன்னு ஆலைக்காரங்க கத்தினாங்க. பாஸ் வயரக் கழட்டச் சொன்னாரு.”

“முப்பது செகண்ட்?”

யஸ்ரில் ஸ்பானரைக் கீழே வைத்தார். “அது நான். ஒரு டெஸ்டுல சீக்கிரம் முடியட்டும்னு டைமர ஜீரோவுல வெச்சேன். திருப்பி வைக்கல. இப்ப கொட்டணும்னு உத்தரவு வந்தா அந்த நிமிஷமே கொட்டும்.”

“இதையெல்லாம் எழுதிக் குடுத்திருக்கலாமில்ல?”

“ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பாஸ்கிட்ட குடுத்தேன். மூணு பக்கம். நீ டைப் பண்ணது அத இல்லம்மா.”

அவளுக்கு முகம் எரிந்தது. மாமா வந்து நின்றதை அதனால்தான் கவனிக்கவில்லை. பொனாரின் ஒரு கையில் ட்ரில், மறு கையில் அட்டைப் பெட்டி பிரிக்காத புதுச் சைரன்.

“ஏண்டா இன்னும் வெளிய உக்காந்திருக்க? சைரன மாட்டச் சொன்னேனா இல்லையா?”

“நேத்தே சிலிண்டரெல்லாம் ரொப்பி மாட்டியாச்சு பாஸ். வால்வு மூடல. நான் உள்ள போமாட்டேன். பேனல ஆஃப் பண்ணுங்க, போறேன்.”

“ஆஃப் பண்ணா நேரத்தோட பதிவாகும். அழிக்க முடியாது. பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எதுக்கு ஆஃப் பண்ணேன்னு அந்தம்மா கேட்டா உன் அப்பன் வந்து பதில் சொல்லுவானா?”

“டைமரயாவது முப்பதுல வைங்க.”

“அதுவும் பதிவாகும். டைமர் உள்ள இருக்கற விஷயம், கண்ணுக்குத் தெரியாது. சைரன் இல்லன்னா குருடனுக்குக்கூடத் தெரியும். தள்ளு, நானே மாட்டறேன். நீ பொறக்கறதுக்கு முந்தியே ஏணி ஏறினவன் நான்.” அப்புறம்தான் மருமகளைப் பார்த்தார். “நீ எதுக்கு வந்த? உன் கையெழுத்து எவ்ளோ அழகுன்னு பாக்கவா?”

“உள்ள போகாதீங்க மாமா.”

“போடி.”

ஏணியை உள்ளே சாய்த்துக்கொண்டிருந்தபோது நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. தியுர்மா. வாசல் காவலாளி அவளைத் தடுக்கவில்லை. விபத்து நடந்த அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, முதலில் அலறி ஆட்களைக் கூட்டியவள் அவள்தான் என்று அவனுக்குத் தெரியும். பொனார் மருத்துவமனையில் விட்டுப்போன காகிதத்தை நார் நாராகக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள். தம்பியின் முகத்தில் விட்டெறிந்தாள்.

“கையெழுத்து கேட்டியே, பொறுக்கிக்கோ. பெத்த பொண்ணக் காட்டி என்னய மிரட்டறியா? அவரு இழுத்த மூச்ச நீயும் ஒரு தடவ இழுத்துப் பாரு. அப்பத்தான்டா உனக்கு உறைக்கும்.”

“கத்தாத அக்கா, ஆலை ஆளுங்க பாக்கறாங்க.” பொனார் தலைமயிரிலிருந்த காகிதத் துண்டைத் தட்டிவிட்டார். கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.

உள்ளே ட்ரில் உறுமியது. கண்ணாடி வழியே பார்த்தாள் லம்ரியா. உத்தரத்துக்குச் சற்றுக் கீழே மாமா சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் தூசு புகை மாதிரி மேலே மேலே எழும்பியது. அதற்கு மேலே புகை கண்டுபிடிக்கும் வெள்ளை வில்லைகள் இரண்டு.

யஸ்ரிலும் அதையே பார்த்தார். “பாஸ், தூசி!” என்று கதவை அறைந்தார். ட்ரில் சத்தத்தில் அது கேட்டிருக்காது.

சுவருக்குள் எதுவோ ‘டக்’ என்று விழுந்தது. குழாய்கள் உதறிக்கொண்டன. பிறகு ஒரு சீற்றம். நூறு பிரஷர் குக்கர் ஒரே சமயத்தில் திறந்துகொண்டது போல. கண்ணாடி வெளுத்துப்போனது. மாமா, ஏணி, சுவர் எதுவும் தெரியவில்லை.

சைரன் அடிக்கவில்லை.

“தம்பீ!”

ஒரு நிமிஷம் முன்னால் சாபம் கொடுத்த அதே வாய்தான். தியுர்மா கதவின் மேல் பாய்ந்தாள். லம்ரியா பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தாள்.

“விடுடி! என் தம்பிடி!”

“போனா நீயும் விழுவ. அங்க காத்தே கிடையாதும்மா!”

“அவனக் கொல்லப் பாக்கறியா? வஞ்சம் தீக்கறியா?” அம்மாவின் முழங்கை அவள் வாயில் இடித்தது. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. பிடியை விடவில்லை.

‘காப்பாற்ற ஓடுபவரே இரண்டாவது பிணம் ஆவார்.’ நாலு வருஷமாக ஒவ்வொரு கையேட்டிலும் அவள் டைப் செய்த வரி. எத்தனை தடவை டைப் செய்திருப்பாள். ஒரு தடவைகூடப் படித்ததில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

“காத்து சிலிண்டர் எங்க இருக்கு?” என்று யஸ்ரிலைப் பார்த்துக் கத்தினாள்.

“அமோனியா மிஷின் ஹால்ல. போய் வர மூணு நிமிஷம்.” சொல்லும்போதே ஓட ஆரம்பித்திருந்தார்.

மூணு நிமிஷம். மாமாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

சுவரில் ஆளுயரத்துக்கும் நீளமான ஒரு மஞ்சள் கழி மாட்டியிருந்தது. நுனியில் பெரிய கொக்கி. மின்சாரம் பிடித்து ஒட்டிக்கொண்ட ஆளைத் தொடாமல் இழுப்பதற்காக எல்லா மின்சார அறை வாசலிலும் இருப்பது. லம்ரியா அதைக் கழற்றினாள்.

“அம்மா, இங்க பாரு. நான் கதவத் திறப்பேன். வாசப்படி தாண்டக் கூடாது. மூச்ச அடக்கிக்கோ. குனியாத. அது கனமான வாயு, கீழதான் கெடக்கும். மாட்டினதும் என்கூட இழு.”

தியுர்மா தலையாட்டினாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

கதவு திறந்ததும் வெண்மூட்டம் கணுக்காலை நனைத்தது. பனிக்கட்டிக்குள் காலை விட்டது போன்ற குளிர். மங்கலாக, மூன்று எட்டு தூரத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். ஏணி சாய்ந்து கிடந்தது. கழியை நீட்டினாள். கொக்கி சட்டையில் மாட்டி, சட்டை கிழிந்து நழுவியது. மார்பு வெடித்துவிடும் போலிருந்தது. பின்வாங்கி நடையின் மறுகோடிக்கு ஓடி ஒரு மூச்சு இழுத்து வந்து மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை இடுப்பு பெல்ட்டில் விழுந்தது.

“இழு!”

அக்காவும் மருமகளும் சேர்ந்து இழுத்தார்கள். பெரிய உடம்பு. வாசப்படியில் தலை ‘நங்’கென்று இடித்தது. நிற்கவில்லை. நடை முழுக்கத் தரதரவென்று இழுத்து, திறந்த முற்றத்தில், வெயிலில், லாரிகளுக்கு நடுவே போட்டார்கள்.

உதடு நீலம். தியுர்மா அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். “விடுடா மூச்ச! சண்டாளா, விடுடா! அம்மாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்?” யஸ்ரில் காற்றுச் சிலிண்டரோடு ஓடிவந்து முகமூடியை வைத்து அழுத்தினார்.

பொனார் இருமினார். பக்கவாட்டில் திரும்பி வாந்தியெடுத்தார். தியுர்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

*

லேபர் ஆபீஸ் அம்மா பத்து நிமிஷம் முன்கூட்டியே வந்தாள். பெயர் வித்யஸ்துத்தி. குள்ளமான உருவம், பெரிய ஹெல்மெட். கிடந்தவரையும் வெண்மூட்டம் வழியும் நடையையும் பார்த்தாள்.

“உள்ள வேற யாராவது இருக்காங்களா?”

“இல்ல,” என்றார் யஸ்ரில்.

“அப்ப அந்தப் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது.” முற்றத்துக் கதவுகளையெல்லாம் திறக்கச் சொன்னாள். வாயு அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அது பச்சை காட்டும்வரை கால் மணி நேரம் அசையாமல் நின்றாள்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் பொனாருக்குப் பேச்சு வந்தது. லம்ரியாவின் மணிக்கட்டைப் பற்றினார். பிடி இன்னும் பலமாகத்தான் இருந்தது.

“நான்தான்… வாயு கொட்டற கைப்பிடிய இழுத்துட்டேன்னு சொல்லு.”

“என்ன மாமா?”

“என் தப்புன்னு சொல்லு. மிஷின் சரியா இருக்கு. ஆளுதான் தப்பு. அதச் சொல்லு.”

“கைப்பிடி வெளிய இருக்கு. நீங்க உள்ள இருந்தீங்க.”

“சொல்லுடி! உன் கையெழுத்தும் அதுலதான் தப்பிக்கும்.”

அந்த மனிதரை இழுத்துப் போட்டதில் அவள் தோள்பட்டை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். எழுந்து ஹெல்மெட் அம்மாவிடம் போனாள்.

“மேடம், ஆறு மாச ரிப்போர்ட் உங்ககிட்ட இருக்கா? அதுல இருக்கற கையெழுத்து என்னோடது. இந்த ரூம நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன். சைரன் வயரக் கழட்டி வெச்சிருக்கு. டைமர் ஜீரோ. வால்வு ரெண்டு வருஷமா இறுகிக் கெடக்கு. நான் எழுதினது எல்லாம் பொய்.”

வித்யஸ்துத்தி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “இத எழுதிக் குடுப்பியா?”

“குடுப்பேன்.”

“உன்மேலயும் கேஸ் வரும்.”

“வரட்டும்.”

“பாவி!” என்று பின்னாலிருந்து கரகரத்தார் பொனார். “சோறு போட்ட கையக் கடிக்கற நாயி!”

யஸ்ரில் சாவியைக் கொடுத்தார். வித்யஸ்துத்தி கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பட்டன்களை அழுத்தி, சின்னத் திரையில் படித்துக் குறித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு ஒண்ணு முப்பத்தெட்டு. புகை ஒண்ணு, புகை ரெண்டு, வாயு. நடுவுல ஒரு செகண்ட் இடைவெளி இல்ல. நீ சொன்னது சரிதான்.” பின்னோக்கித் தள்ளினாள். “பத்தொன்பது நாளுக்கு முந்தி. காலைல பத்து நாப்பத்திரண்டு.” புருவம் சுருங்கியது. “புகை இல்ல. வெளிக் கைப்பிடி.”

“வெளிக் கைப்பிடியா?”

“இது.” கதவின் ஓரத்தில், தாழ்ப்பாள் இருக்க வேண்டிய உயரத்தில், மூடியில்லாமல் ஒரு சிவப்புக் கைப்பிடி. பக்கத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் உரிந்து, எழுத்து போய், வெறும் பசைத் தடம்தான் மிச்சம். “யாரோ இங்க நின்னு இத இழுத்திருக்காங்க. உங்கப்பா எங்க விழுந்து கெடந்தாரு?”

“உள்ள. கடைசி அலமாரி பக்கத்துல.”

“அப்ப அவரு இழுக்கல.”

லம்ரியாவுக்குள் ஏதோ ஒன்று பொங்கி எழுந்தது. அப்பா இழுக்கவில்லை! மாமாவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல வேண்டும் என்று திரும்பினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் பொனாரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் மருமகளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டிய வாய் இறுக மூடியிருந்தது. வேண்டாம், வாயைத் திறக்காதே என்பது போல, யாருக்கும் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

அவருக்குத் தெரியும். பத்தொன்பது நாளாகத் தெரியும்.

தியுர்மா நடையின் நடுவில் நின்றிருந்தாள். கண் அந்தச் சிவப்புக் கைப்பிடியிலேயே இருந்தது. வலது கை தானாகவே அந்த உயரத்துக்கு எழும்பி, காற்றில் எதையோ பற்றி, கீழே இழுத்தது.

“சாப்பாடு குடுக்க வந்தப்ப கதவு திறக்கல ரியா,” என்றாள். மகளுக்கு மட்டும் கேட்கிற குரல். “தள்ளிப் பாத்தேன், இழுத்துப் பாத்தேன், திறக்கல. இதுதான் கதவு திறக்கறதுன்னு நெனச்சுட்டேன்டி.”

லம்ரியா அம்மாவின் தோளைப் பிடித்தாள். சைரன் அடித்திருந்தால் அப்பா வெளியே வந்திருப்பார். முப்பது செகண்ட் இருந்திருந்தால் நடந்தே வந்திருப்பார். வால்வு மூடியிருந்தால் எவர் எதை இழுத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னாலும் அம்மாவின் கை அந்த இழுப்பை மறக்குமா?

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

“பத்து நாப்பத்திரண்டுக்கு இந்தக் கதவுகிட்ட யார் நின்னாங்க?” என்று கேட்டாள் வித்யஸ்துத்தி. “உனக்குத் தெரியுமா லம்ரியா?”